சிவப்புக் கோடு போட்ட முதல் பக்கம்

எங்கள் வீட்டு முக்கியமான கடதாசிகள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கின்றன. கடவுச்சீட்டுகள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், நானும் மனைவியும் இந்த நாட்டில் இறங்கிய அன்று தந்த தாள்கள். இவற்றுக்கு நடுவே எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் சம்பந்தமில்லாத ஒரு தாளும் இருக்கிறது. நீல மையில், எழுத்து எழுத்தாகக் கவனித்து எழுதிய ஆங்கிலம். ஆறு பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் கீழே மூன்று நான்கு வரிகள். மேல் மூலையிலிருந்து எதிர் மூலை வரை அந்தத் தாளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு சிவப்புக் கோடு போகிறது. அடிமட்டம் வைத்துப் போட்ட நேரான கோடு. கோட்டைப் போட்டவன் நான். தாளை எழுதியவரை நாங்கள் பேராசிரியர் என்று அழைத்தோம்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் கனடாவில், ரொறன்ரோவின் ஓரம் ஸ்காபரோவில், கடைகள் நிறைந்த ஒரு பிளாஸாவின் மேல்மாடியில், அகதி வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞர் ஒருவரிடம் வேலை செய்தேன். வருகிறவர்கள் தங்கள் கதையைத் தமிழில் சொல்வார்கள். நான் அதை ஆங்கிலத்தில் தட்டெழுதிக் கொடுப்பேன். வழக்கறிஞர் திருத்துவார், கையெழுத்து வைப்பார், விசாரணைக்குப் போவார். ஆனால் எங்கள் ஆட்கள் குடியிருந்த மோர்னிங்சைட் அடுக்குமாடிகளில் அந்த வழக்கறிஞரின் பெயரை யாரும் சொன்னதில்லை. "அந்தக் கேஸ் எழுதுற அண்ணையிட்டப் போங்கோ" என்றுதான் சொல்வார்கள். அந்தப் பேச்சு என் காதுக்கு எட்டும்போது எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். இதை மறைத்து என்ன பயன்? அந்தக் குளிர்ச்சியில்தான் எல்லாம் தொடங்கியது.

நான் பொய் எழுதவில்லை. அதை இன்றும் நெஞ்சில் கை வைத்துச் சொல்வேன். ஆனால் எதை முன்னால் வைப்பது, எதைப் பின்னால் தள்ளுவது என்று எனக்கு ஒரு முறை இருந்தது. துயரம் முதல் பக்கத்தில் வர வேண்டும். அந்த மனிதர் என்னவெல்லாம் செய்யத் தெரிந்தவர், எப்படி வாழ்ந்தவர் என்பதெல்லாம் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி, முடிந்தால் அதுவும் வேண்டாம். தன் காலில் நிற்கத் தெரிந்தவனுக்கு யார் நிழல் கொடுப்பார்கள் என்பது என் கணக்கு. யாழ்ப்பாணத்தில் மூன்று லொறிகள் ஓட்டிய ஒரு பெரியவர் என் முன்னால் இருந்து லொறிகளைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தார். எந்த லொறிக்கு என்ன நிறம், எது மலைநாட்டு ஏற்றத்தில் திணறாது என்றெல்லாம்.

"அங்கிள், லொறியை விடுங்கோ. அது எரிஞ்சதை மட்டும் சொல்லுங்கோ" என்றேன்.

"எரியிறதுக்கு முதல் அது ஓடினது தானே தம்பி?" என்று கேட்டார் அவர்.

நான் சிரித்துவிட்டு எரிந்ததை மட்டும் எழுதினேன். அவருடைய வழக்கு வென்றது. அதனால் அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய தேவை எனக்கு வரவில்லை.

எங்கள் அலுவலகத்துக்கு நேர் கீழே கொம்பியூட்டர் திருத்தும் கடை. பேராசிரியர் அங்கே வேலை செய்தார். மொசாம்பிக் நாட்டவர். கிழக்கு ஜெர்மனியில் கணிதம் படித்து, மபுட்டோவில் பல்கலைக்கழகத்தில் படிப்பித்தவர். போர்க்காலத்தில் வெளியேறி இங்கே வந்தார். போர் முடிந்தும் திரும்ப முடியவில்லை. அவருடைய மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். அந்த வசதி அவர்கள் நாட்டில் கிடையாது. ஒருநாள் எங்கள் கொம்பியூட்டர் நின்று, நாலு பேரின் வழக்குகள் அதற்குள் அகப்பட்டுக்கொண்டபோது அவர்தான் மேலே வந்தார். கோட்டைக் கழற்றி ஒழுங்காக மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு, இரண்டு மணி நேரம் இருந்து, நாலு வழக்குகளையும் மீட்டுத் தந்தார். அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாட்டை நாங்கள் ஒன்றாகச் சாப்பிட்டோம். பிளாஸாவில் எல்லோரும் அழைப்பதைக் கேட்டு அவரும் என்னை அண்ணை என்றே அழைத்தார், என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருந்தும்.

எங்களுக்குப் பொதுவாக இருந்தது ஆங்கிலம் ஒன்றுதான். அவருடைய ஆங்கிலம் போர்த்துக்கீசத்திலும் ஜெர்மனிலும் தடக்கித் தடக்கி வரும். அவர் சொன்னதை நான் என் தமிழில்தான் தருகிறேன். செயற்கை நுண்ணறிவு என்ற சங்கதியை முதன்முதலில் அவர் வாயால்தான் கேட்டேன். இன்று சின்னப் பிள்ளைகளும் அதைப் பற்றிக் கதைக்கிறார்கள். அன்று, பிட்டும் சம்பலும் நிறைந்த வாயோடு, இது ஏதோ படத்தில் வருகிற விஷயம் என்று நினைத்துக்கொண்டு கேட்டேன். அவர் மபுட்டோவில் விட்டு வந்த மாணவர்கள் ஆறு பேர் ஒரு மென்பொருளை எழுதிக்கொண்டிருந்தார்கள். வைத்தியர் இல்லாத கிராமத்துச் சிகிச்சை நிலையத்தில் ஒரு தாதி இருப்பார். காய்ச்சலோடு ஒரு பிள்ளையைக் கொண்டுவருவார்கள். கொம்பியூட்டர் அந்தத் தாதியிடம் ஒவ்வொன்றாகக் கேட்கும்: பால் குடிக்கிறதா, மூச்சு வேகமாக இருக்கிறதா, காய்ச்சல் எத்தனை நாள்? பதில்களை வைத்து, வீட்டில் மருந்து கொடுக்கலாமா, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டுமா என்று சொல்லும். அவர்கள் அங்கே எழுதி டிஸ்க்கில் போட்டுத் தபாலில் அனுப்புவார்கள். இவர் கடையில் வேலை முடிந்த பின் அதைப் பார்த்து, குறிப்பு எழுதித் திருப்பி அனுப்புவார். ஒரு டிஸ்க் போய் வர ஆறு கிழமை, ஒன்றரை மாதம், எடுக்கும்.

"இதை இங்கேயே ஒரு கொம்பனியிடம் கொடுத்துச் செய்து அனுப்பினால் சுகம் இல்லையா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது பிழை விடும் நாளில் திருத்துவது யார்?" என்றார். பிறகு ஒரு கதை சொன்னார். அந்த ஆறு பேரில் ஒரு பெண் முன்பு தாதியாக இருந்தவள். காய்ச்சல் எத்தனை நாள் என்று கேட்டால் கிராமத்துத் தாய்மார் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள் என்பதை அவள் கண்டுபிடித்தாள். கேள்வியை மாற்றி, காய்ச்சல் கடைசிச் சந்தை நாளுக்கு முன்னா பின்னா என்று கேட்க வைத்தாள். அதன் பிறகு பதில்கள் சரியாக வந்தன. "இது எனக்குத் தோன்றாது. ஜெர்மனியில் எனக்குப் படிப்பித்தவருக்கும் தோன்றாது" என்று சொல்லிவிட்டு, தன் சொந்த மகள் பரிசு வாங்கியது போலச் சிரித்தார். இன்னொன்றும் சொன்னார். அந்த மென்பொருளுக்கு அவர்கள் முதலாவதாகப் படிப்பித்தது, எனக்குத் தெரியாது என்று சொல்வதற்காம். தனக்குப் பிடிபடாத நோய் வந்தால் அது ஊகம் சொல்லக் கூடாது. தெரியாது, ஆஸ்பத்திரிக்கு அனுப்பு என்று சொல்ல வேண்டும். "தெரியாது என்று சொல்லத் தெரியாத கொம்பியூட்டர் பிள்ளைகளைக் கொல்லும், அண்ணை" என்றார். நல்ல கதை என்று தலையாட்டினேன்.

ஆறு பேருக்கும் சம்பளம் இல்லை. பகலில் வேறு வேலை பார்த்து, கிடைத்த நேரத்தில் எழுதினார்கள். இருவருக்குத் தென்னாபிரிக்காவிலிருந்து அழைப்பு வந்திருந்தது. வருட முடிவுக்குள் ஒரு வழி பிறக்காவிட்டால் ஆறு பேரும் ஆறு திசைக்குப் போய்விடுவார்கள் என்று பேராசிரியருக்குத் தெரியும். அந்த நேரத்தில்தான் ரொறன்ரோவில் ஒரு பணக்காரக் குடும்பத்தின் அறக்கட்டளை, ஏழை நாடுகளில் மென்பொருள் வேலையை வளர்ப்பதற்கு உதவி கொடுக்கப் போவதாக அறிவித்தது. ஆறு பேருக்கும் இரண்டு வருடச் சம்பளம், ஒரு அறை, மூன்று கொம்பியூட்டர். அவர் கேட்க நினைத்தது அவ்வளவுதான். விண்ணப்பத்தை நாலு பக்கத்தில் கையால் எழுதிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"உங்கள் ஆட்கள் எல்லோரும் வெல்கிறார்களாம். ஆங்கிலத்தைத் திருத்தித் தாருங்கள்" என்றார். பிறகு, என்னை நேரே பார்த்து, "இந்த மாதிரி விண்ணப்பம் முன்னர் எழுதியிருக்கிறீர்களா?" என்று கேட்டார்.

எழுதியதில்லை என்று சொல்லியிருக்கலாம். "எல்லாப் படிவமும் ஒன்றுதான்" என்றேன்.

வீட்டில் மனைவி கேட்டாள். "உங்களுக்கு உந்த வேலை தெரியுமோ? தெரியாட்டித் தெரியாது எண்டு சொல்லுங்கோவன். பாவம் அந்த மனுசன்."

"இவ்வளவு பேரின்ர கேஸ் எழுதின எனக்கு இது பெரிய வேலையே?"

"ஓம், உங்களுக்குத் தலைக்கு ஏறிட்டுது" என்று சொல்லிவிட்டு அவள் கறியைக் கிளறப் போய்விட்டாள்.

அவர் எழுதிய முதல் பக்கம் முழுவதும் அந்த ஆறு பேர்தான். யார், என்ன படித்தார்கள், என்ன செய்து முடித்தார்கள், யார் எந்த மொழியில் கேள்விகளை எழுதினார்கள். சந்தை நாள் கதையும் அதில் இருந்தது. போரைப் பற்றிக் கடைசிப் பக்கத்தில் இரண்டே வரி. எனக்குச் சிரிப்பு வந்தது. படித்த மனிதர், உலகம் தெரியாதவர் என்று நினைத்தேன். சிவப்புப் பேனையை எடுத்து, அடிமட்டத்தை வைத்து, முதல் பக்கத்தின் குறுக்கே கோடு போட்டேன். பிறகு புதிதாக எழுதினேன். எரிந்த சிகிச்சை நிலையங்கள், மிதிவெடி புதைந்த பாதைகள், மருந்தில்லாமல் தாயின் மடியில் கிடக்கும் பிள்ளை. எல்லாம் அவர் எனக்குச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னவை; எல்லாம் உண்மை. எழுதி முடித்து இரண்டு தரம் வாசித்தேன். நான் எழுதியதிலேயே திறமானது அதுதான் என்று நினைத்தேன். வெட்கக்கேடு என்னவென்றால், வசனம் வசனமாகப் பார்த்தால் அது இன்றும் திறமானதுதான்.

பேராசிரியர் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக வாசித்தார். முடித்ததும் முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போனார்.

"எல்லாம் உண்மை. என் ஆட்கள் எங்கே?"

"கடைசிப் பக்கத்தில் 'உள்ளூர் உதவியாளர்கள்' என்று இருக்கிறது" என்றேன். "இரக்கம் வந்தால்தான் கை நீளும். என்னை நம்புங்கள்."

அவர் நம்பினார். அந்த நம்பிக்கையின் பாரம் அப்போது எனக்குத் தெரியவில்லை.

அறக்கட்டளை எங்களை நேரில் அழைத்தது. நான் மகிழ்ந்துபோனேன். விசாரணைக்கு முன் எல்லோருக்கும் சொல்லிக் கொடுப்பதை அவருக்கும் சொல்லிக் கொடுத்தேன். எழுதிக் கொடுத்ததற்கும் வாயால் சொல்வதற்கும் ஒரு நூல் வித்தியாசமும் வரக் கூடாது. கேட்டதற்கு மட்டும் பதில். புதிதாக ஒன்றையும் சொல்லக் கூடாது. சொன்னால் முதலில் எழுதியது பொய் என்றாகிவிடும். எங்கள் ஆட்கள் எத்தனையோ பேர் இந்த ஒரு பிழையால் தோற்றதை நான் கண்டிருக்கிறேன். பேராசிரியர் ஒரு மாணவனைப் போலக் குறிப்பெடுத்துக்கொண்டார்.

நகரத்தின் நடுவில், இருபதாம் மாடியோ என்னவோ, ஏரி தெரிகிற ஒரு அறை. வயதான ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி எங்களை வாசல் வரை வந்து கூட்டிப் போனார். தேநீர் தந்தார். எங்கள் விண்ணப்பம் அவர் முன்னால் இருந்தது. பல இடங்களில் மஞ்சள் துண்டு ஒட்டியிருந்தார். விசாரணைக்குப் போகும்போது கையெழுத்துப் பிரதி ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் கொண்டுபோவது என் வழக்கம். அந்தப் பை என் மடியில் இருந்தது. வாசித்து மனம் கலங்கிவிட்டதாக அவர் சொன்னபோது நான் பேராசிரியரைப் பெருமையாகப் பார்த்தேன். பிறகு அந்தப் பெண்மணி கேட்டார்: "இந்த நிலையில் இருக்கிற ஓர் இடத்தில், இந்த மென்பொருளை எழுதக்கூடியவர்கள் யாராவது இருக்கிறார்களா?"

பேராசிரியர் வாயைத் திறந்தார். உடனே என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மெல்லத் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று.

"எழுதியிருப்பது போலத்தான்" என்றார் அவர்.

பெண்மணி விடவில்லை. முன்னால் சாய்ந்து, அவரை உற்சாகப்படுத்துவது போல, "ஒருவர், இரண்டு பேராவது?" என்று கேட்டார். அந்த அறையில் எங்கள் பக்கம் இருந்தவர் அவர்தான் என்பது இப்போது விளங்குகிறது. பேராசிரியர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எல்லாம் எழுதியிருக்கிறது."

திரும்பி வரும்போது சப்வேயில், ஒரு பிழையும் விடாமல் சொன்னீர்கள் என்று அவரைப் பாராட்டினேன். "விடை தெரிந்த கேள்விக்கு வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வந்த மாதிரி இருக்கிறது" என்றார். பதற்றத்தில் அப்படித்தான் இருக்கும் என்று நான் ஆறுதல் சொன்னேன்.

கடிதம் ஒரு மாதத்தில் வந்தது. மிக மரியாதையான கடிதம். அந்த இடத்தின் துன்பம் தங்களை உலுக்கிவிட்டது. ஆனால் அங்கே முதலில் தேவை நிவாரணம். மென்பொருளை எழுதக்கூடிய ஆட்கள் அங்கே இருப்பதாக விண்ணப்பத்தில் காண முடியவில்லை. நிவாரணம் அனுப்பும் ஓர் அமைப்புக்கு விண்ணப்பத்தைக் கொடுத்திருக்கிறோம். கீழே அந்தப் பெண்மணி தன் கையால் ஒரு வரி எழுதியிருந்தார்: ஆட்களைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

வாசித்ததும் எனக்கு வந்த முதல் வார்த்தை என்ன தெரியுமா? "இவர்கள் ஆபிரிக்கர்களை நம்ப மாட்டார்கள்" என்றேன். கோபமாகவே சொன்னேன்.

பேராசிரியர் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தார். "நம்பச் சொல்லி நாங்கள் கேட்கவே இல்லையே, அண்ணை" என்றார். நீங்கள் என்று சொல்லியிருக்கலாம். நாங்கள் என்றுதான் சொன்னார்.

தெரியாமல் செய்த பிழையை மட்டும் சொல்லி நிறுத்தினால் நான் நல்லவனாகிவிடுவேன். அந்தக் கையெழுத்து வரி இருந்ததே. "அந்த அம்மாவுக்கு நான் எழுதுகிறேன்" என்று பேராசிரியரிடம் நானே சொன்னேன். ஒரு பக்கம் போதும்: பிழை என்னுடையது, இவருடைய முதல் பக்கத்தை எடுத்தவன் நான், இதோ அது. தாள் என்னிடமே இருந்தது. ஒரு தபால்தலை ஒட்டினால் போகும். இரண்டு தடவை தட்டெழுத உட்கார்ந்தேன். 'பிழை என்னுடையது' என்ற வரி வரும்போது கை நின்றுவிடும். கேஸ் எழுதுவிக்கக் காத்திருப்பவர்களுக்கு இது தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்று தோன்றும். அடுத்த கிழமை, அடுத்த கிழமை என்று பனி கொட்டத் தொடங்கிவிட்டது. அவர் ஒருமுறை, "எழுதினீர்களா?" என்று கேட்டார். "ஓம், பதில் இல்லை" என்றேன். என் வாழ்க்கையில் எத்தனையோ பேரின் கதையை எழுதியிருக்கிறேன். நானாகச் சொன்ன முழுப் பொய் அது ஒன்றுதான்.

வருட முடிவில் அந்த ஆறு பேரும் பிரிந்தார்கள். இருவர் தென்னாபிரிக்காவுக்குப் போனார்கள், ஒருவர் லிஸ்பனுக்கு. ஒருவர் வங்கியில் சேர்ந்தார், ஒருவரைப் பற்றித் தகவல் இல்லை. சந்தை நாள் கேள்வியைக் கண்டுபிடித்த பெண் திரும்பவும் தாதி வேலைக்குப் போய்விட்டாள். அவள்தான் கடைசியாகக் கடிதம் எழுதினாள். தங்கள் சிகிச்சை நிலையத்துக்குக் கனடாவிலிருந்து பழைய உடுப்பு மூட்டைகள் வந்திருக்கின்றன, அதற்கு நன்றி, இது உங்கள் ஏற்பாடா என்று கேட்டிருந்தாள். பேராசிரியர் அதை எனக்கு மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டு, அந்த மூட்டைகளில் கம்பளிக் கையுறையும் இருந்ததாம் என்றார். நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை.

பிளாஸாவில் கடை மூடியதும் அவர் நகரத்துக்கு மேற்கே பிறம்ரனில் ஒரு பண்டகசாலை வேலைக்குப் போனார். சில வருடங்களுக்குப் பிறகு, மைத்துனர் வீட்டுக்குப் போன இடத்தில், அங்கே ஒரு கடைத்தொகுதியில் அவரைக் கண்டேன். மனைவி இறந்துவிட்டாராம். கூட ஒரு வேலைத் தோழர் நின்றார். பேராசிரியர் என் தோளில் கை போட்டு அவரிடம் சொன்னார்: "இவர் என் சிநேகிதர். எனக்காக மிக அழகாக எழுதித் தந்தவர்." அவருடைய முகத்தில் எங்காவது ஒரு குத்தல் இருக்காதா என்று தேடினேன். இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். இல்லை. அந்த அம்மாவுக்கு நான் எழுதவே இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். "குளிர் கூடிப்போச்சு" என்றேன். ஓம் என்றார், எங்கள் பிளாஸாவில் பழகிய அதே தமிழ் ஓம். அதன் பிறகு நான் அவரைக் காணவில்லை.

இப்போது ரொறன்ரோவுக்கு வடக்கே ஸ்ரௌவ்வில்லில் மகளோடு இருக்கிறோம். போன கிழமை சாப்பாட்டு மேசையில் அவள் கைத்தொலைபேசியை என் பக்கம் நீட்டினாள். ஆபிரிக்க நகரங்களில் இளம் பிள்ளைகள் தங்கள் தங்கள் மொழிகளில் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் எழுதுகிறார்களாம். பெரிய நிறுவனங்கள் காசோடு பின்னால் ஓடுகின்றனவாம். "அப்பா, லுக், அங்கத்தைய ஆக்களே எல்லாம் பில்ட் பண்ணினம். ஸோ கூல்! இப்பிடி வரும் எண்டு ஆருக்குத் தெரியும்?"

மனைவி தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "கொப்பருக்குத் தெரியும்" என்று என்னைச் சொன்னாள். மகள் பகிடி என்று நினைத்துச் சிரித்தாள்.

நான் மேலே போய்க் கோப்பைத் திறந்து அந்தத் தாளை எடுத்தேன். நீலம் மங்கிவிட்டது, சிவப்பு அப்படியே இருக்கிறது. கோட்டுக்குக் கீழே ஒவ்வொரு எழுத்தும் வாசிக்கக்கூடியதாகத்தான் இருக்கிறது. ஆறு பெயர்களுக்கும் மேலே, தாளின் முதல் வரியாக அவர் எழுதியிருந்தார்: 'இந்த ஆறு பேரும் நாளைக்கே வேலை தொடங்கத் தயார்.'

ஒருவர், இரண்டு பேராவது என்று அந்தப் பெண்மணி கேட்டபோது இந்தத் தாள் என் மடியிலிருந்த பைக்குள் இருந்தது. பை திறந்திருந்தது. தாளின் மேல் விளிம்பும் அந்த முதல் வரியும் எனக்குத் தெரிந்தன. பேராசிரியரும் அதைக் கண்டு வெளியே எடுத்துவிடுவாரோ என்று பயந்து, நான் பையின் சிப்பை இழுத்து மூடினேன்.